உள்பக்கம் வளர்கிற தழும்பு

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யாராக இருப்பார் என்றுகூட எனக்குத் தெரியாது. நான் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவில் படிக்கிறேன். கல்யாணம் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற வயது எனக்கு. இப்படி ஒருத்தி பிறக்காத பிள்ளைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தால் என் அம்மா முதலில் சிரிப்பாள், அப்புறம் விளக்குமாற்றைத் தேடுவாள். அதனால் போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீ வளர்ந்து, உனக்கென்று ஒரு வேலையும் குடும்பமும் வந்த பிறகு இதை வாசிப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இப்போது எனக்குப் பெரியவர்கள் யாராவது ஒருவரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவரும் இல்லை. அதனால் உன்னைப் பெரியவனாக்கிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். விடிந்தால் என் அப்பா போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு சட்டீஸ்கருக்குக் கிளம்புகிறார். ஆடியில் அவருடைய இதயத்தின் ரத்தக்குழாய் ஒன்று அடைத்து, சேலத்தில் பலூன் வைத்து விரித்தார்கள். அந்த இடம் மறுபடியும் சுருங்கிவிட்டது என்று நான் பயப்படுகிறேன். அம்மாவுக்கு இது தெரியாது. அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று அப்பாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். சொல்லாவிட்டால் அவர் போய்விடுவார். அங்கே காட்டுக்குள் ரிக் நிற்கிற இடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் இருக்கும் என்று அவரே பலமுறை கதையாகச் சொல்லியிருக்கிறார். பாம்பு கடித்த ஒருவரை எப்படித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்ற கதை அது. சிறுமியாக இருந்தபோது அதை வாய்பிளந்து கேட்டிருக்கிறேன். இன்று அந்தத் தூரம்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

நீ மகளாகவும் இருக்கலாம். ஆனாலும் மகனே என்றுதான் கூப்பிடப் போகிறேன். காரணம் உண்டு. நம் பக்கத்து ஆண்பிள்ளைகளுக்கு வலி என்று வாயைத் திறந்து சொல்ல யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. என் அப்பாவைப் போல நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. அவருக்கே அது வரவில்லை. உனக்காவது வர வேண்டும்.

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நாமக்கல் ரோட்டிலிருந்து உள்ளே வருகிற ஒரு தெருவில் இருக்கிறது. அப்பா திருச்செங்கோட்டு ரிக் ஒன்றில் டிரில்லர். டிரில்லர் என்றால், வண்டிக்குப் பின்னால் லீவர்களைப் பிடித்துக்கொண்டு நின்று பூமிக்குள் துளை போடுகிறவர். வருடத்தில் பாதிக்கு மேல் வேறு மாநிலங்களில்தான் இருப்பார். மொழி தெரியாத ஊரில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத நிலத்தில் போய் இறங்குவார்கள். ஊரே கூடி நின்று பார்க்குமாம். ஒரு தடவை என்னையும் அம்மாவையும் ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அழைத்துப் போனார். கம்ப்ரஸர் போடுகிற சத்தத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அப்பா மட்டும் தலையைச் சாய்த்து, ஏதோ ரகசியம் கேட்கிறவர் போல நின்றார். மேலே வருகிற புழுதியைக் கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு தோட்டக்காரரைப் பார்த்து, "கல்லு மாறுதுங்க. இன்னும் கொஞ்சம் பொறுங்க, வந்துரும்" என்றார். வந்தது. சேறும் தண்ணீருமாகப் பனைமர உயரத்துக்கு அடித்தது. தோட்டக்காரரின் மனைவி ஓடிவந்து அந்தச் சேற்றிலேயே நின்று நனைந்துகொண்டு அழுதார். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்ற முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. எல்லா ஊரிலிருந்தும் எனக்கு ஒரு கல் கொண்டுவருவார். ரோஸ் நிறம், கறுப்பு, சர்க்கரை போல மினுக்குகிறது, எல்லாம் என் ஜன்னலில் வரிசையாக இருக்கின்றன. வெயிலைப் பார்க்காமல் பூமிக்குள்ளேயே கிடந்த கல் இது, முதலில் பார்க்கிறவள் நீதான் என்பார். ஒரு பெண்ணுக்கு இதைவிட நல்ல பரிசை யாராவது கொடுக்க முடியுமா, சொல்.

ஆடிக்கு ரிக் எல்லாம் ஊர் திரும்பும். அப்படி வந்திருந்தபோதுதான் அது நடந்தது. ஆடிப் பெருக்கு அன்று காலையில் தண்ணீர் டிரம்மை நகர்த்திக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. நெஞ்சின் மேல் யாரோ ரிக்கின் இரும்பு ராடை அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்றார். அம்மா கத்திய கத்தலில் தெரு முழுக்க வந்துவிட்டது. எங்கள் தெருவை நான் என்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஒருவர் சோடா, ஒருவர் விபூதி, ஒருவர் விசிறி. பிரச்சினை என்னவென்றால் எங்கள் வீட்டு வாசற்படி குறுகல். அத்தனை பேரும் உதவி செய்ய உள்ளே நுழைந்ததில், ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு வெளியிலேயே நின்றார்கள். அப்பாவை வெளியே கொண்டுபோக வழியில்லை. கடைசியில் அம்மாதான் சொம்பால் கதவைத் தட்டிக் கத்தினாள்: "ஏனுங்க, எல்லாரும் உள்ள வந்துட்டா அவரு எப்படிங்க வெளிய போறது? நவுருங்க சாமி, நவுருங்க!" அத்தனை பயத்திலும் யாரோ சிரித்துவிட்டார்கள். அப்பாவும் லேசாகச் சிரித்தார். இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள். பின்னால் தேவைப்படும்.

சேலத்தில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். இதயத்துக்குப் போகிற ஒரு கிளைக்குழாய் அடைத்திருந்தது. மெல்லிய கம்பி ஒன்றை மணிக்கட்டு வழியாக உள்ளே விட்டு, அடைப்பு இருந்த இடத்தில் சின்ன பலூனை ஊதி விரித்து, பிறகு பலூனை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று அம்மா மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். நானும் அப்பாவும்தான் இருந்தோம். டாக்டரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"வழி பண்ணியாச்சுங்க. இது மெல்லிசான கிளை. அதனால ஸ்டென்ட் வைக்கலை."

"ஸ்டென்ட்டுன்னா நம்ம கேசிங் பைப்புங்களா?" என்றார் அப்பா.

"அது என்னங்க கேசிங்?"

கேட்பாரா என்று காத்திருந்தவர் போல அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "போர் போடறப்ப மேல லூசு மண்ணுங்க. உட்டா இடிஞ்சு உழுந்துரும். அதுக்குப் பைப் இறக்குவோம். பாறை வந்துட்டா பைப்பே வேண்டாம், தானா நிக்கும்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிட்டத்தட்ட அதேதாங்க. ஸ்டென்ட்டும் இடியாம தாங்கறதுக்குத்தான்."

"அப்போ எனக்குக் கேசிங் வேண்டாம்னு சொல்றீங்க. உள்ள அசல் பாறை."

"பாறையா இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்ங்க. இது உசுருள்ள சதையாச்சே" என்றார் அவர்.

இந்த இடத்தில் அப்பா சட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்குப் போகிற அவசரம். பாறை என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்குப் போதுமானதாகிவிட்டது. நான்தான் கேட்டேன், விரித்த குழாய் மறுபடியும் எப்படி மேடம் சுருங்கும் என்று. டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், என்ன படிக்கிறாய் என்று கேட்டார். பிறகு அப்பாவின் முன்னங்கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். அங்கே பழைய தீக்காயம் ஒன்று உண்டு. சூடான சைலன்சர் பட்டது. ஆறி வருஷக்கணக்காகிவிட்டது. ஆனால் அந்த இடம் மட்டும் தடித்து, மேடாக, ஒரு புழு படுத்திருப்பது போல இருக்கும்.

"இது என்ன?"

"தழும்பு மேடம்."

"தோல் கிழிஞ்சது, ஒடம்பு ஓடிவந்து மூடிச்சு. மூடினது போதாதுன்னு இன்னும் ரெண்டு பூச்சு சேத்துப் பூசிருச்சு. பலூனை விரிக்கறப்ப குழாய்ச் சுவரு உள்பக்கம் கொஞ்சம் கிழியும். கிழியாம விரிக்க முடியாது. ஒடம்புக்கு அது வைத்தியம்னு தெரியாதில்ல? காயம்னுதான் தெரியும். சுவத்துக்குள்ள இருக்கற தசை அணுவெல்லாம் பெருகி, உள்பக்கமா வந்து பூசும். கையில இருக்கற தழும்பு வெளிய வளரும், எடம் இருக்குது. அங்க வளர்றதுக்கு உள்பக்கம்தான் எடம். ரத்தம் போற வழியே அதுதான்."

அது மட்டுமில்லை என்றும் சொன்னார். இழுத்துவிட்ட ரப்பர் போலச் சுவர் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். ஆறுகிற புண் சுருங்குவது போலக் குழாயே மொத்தமாகக் கொஞ்சம் இறுகும். இந்த இரண்டையும் ஸ்டென்ட் தாங்கிப் பிடித்துவிடும். தழும்பு மட்டும் ஸ்டென்ட் இருந்தாலும் அதன் கம்பிகளுக்கு நடுவே புகுந்து வளரும். சர்க்கரை இருப்பவர்களுக்கு அது அதிகம். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, ஆனால் ஆகிறதென்றால் முதல் சில மாதங்களில்தான் ஆகும் என்றார். "நடக்கறப்ப பழைய மாதிரி நெஞ்சு புடிச்சா, மூச்சு வாங்கினா, அன்னைக்கே வந்துரணும். நாளைக்குன்னு சொல்லக்கூடாது." அப்பா சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே, "வந்தர்றோம்ங்க" என்றார், விருந்துக்குக் கூப்பிட்டவர்களிடம் சொல்வது போல.

ஊருக்கு வந்தபின் அப்பா பேசிய பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் நீ. டீக்கடையில், ரேஷன் கடையில், பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே கதை. "எம்பட நெஞ்சுக்குக் கேசிங்கே தேவைப்படல. டாக்டரம்மாவே சொல்லிப்போட்டாங்க, உள்ள பாறைன்னு." அம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பாறைதான். அதான் நான் சொல்றது ஒண்ணும் உள்ள எறங்கறதில்ல" என்பாள். தெருவே சிரிக்கும். வேறு யாருக்கும் இப்படி ஒரு எண்ணம் வந்திருக்காது. ஒரு ஆசிரியரோ நெசவாளரோ ஸ்டென்ட் வைக்கவில்லை என்றால் கொஞ்சம் யோசித்திருப்பார். கல்லுக்குள் துளை போட்டே வாழ்ந்தவருக்கு, பைப் இறக்காத துளைதான் உறுதியான துளை.

காலையில் நடக்கச் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்குக் கிளம்பும் முன் நானும் கூடப் போவேன். எங்கள் வீட்டிலிருந்து நாமக்கல் ரோடு வரை நேரான வழி. முதலில் ரேஷன் கடை, அப்புறம் கோழிப்பண்ணை கேட், அதைத் தாண்டிச் சின்னப் பாலம், ரோட்டு முனையில் டீக்கடை. புரட்டாசியில் டீக்கடை வரை நிற்காமல் போய்த் திரும்புவோம். அப்பா எனக்கு முன்னால் போய்க்கொண்டு, "என்ன அம்மிணி, லாரி மேட்டுல ஏறற மாதிரி வார?" என்று கிண்டல் செய்வார். கார்த்திகையில் ஒரு நாள் பாலத்தில் நின்றார். கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்ப்பது போல நின்றார். தண்ணீர் ஒன்றும் இல்லை. மார்கழியில் பண்ணை கேட்டில் நிற்க ஆரம்பித்தார். வாட்ச்மேனிடம் முட்டை விலை கேட்பார். எங்களுக்கெதற்கு முட்டை விலை? இந்த வாரம் ரேஷன் கடை. பூட்டிய கடையின் போர்டை எழுத்துக்கூட்டி வாசிப்பவர் போல நின்றார். அவர் நிற்கிற இடம் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"என்னங்கப்பா, நெஞ்சு புடிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"அட, ஒண்ணுமில்ல சாமி. சேறு தங்கியிருக்கு."

"சேறா?"

"பழைய போர்ல அடியில சேறு தங்கிக்கும். தண்ணி கொறையும். கம்ப்ரஸரை வெச்சு ஒரு அழுத்து அழுத்தினா சேறெல்லாம் மேல வந்துரும், மறுபடியும் தண்ணி தளதளன்னு நிக்கும். ஃப்ளஷிங்னு பேரு. இதுவும் அப்படித்தான். வேகமா நடந்தா ரத்தம் அழுத்தமாப் போகும், அடிச்சுக்கிட்டுப் போயிரும்." சொல்லிவிட்டு நிஜமாகவே வேகமாக நடந்தார். பின்னாலேயே ஓடினேன். பண்ணை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், உதடு வெளுத்திருந்தது. "அம்மாகிட்டச் சொல்லிப்போடாத. அவ ஊரைக் கூட்டிருவா. எங்கே, கையில அடி." அடித்தேன்.

அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. தன் உடம்பை அவர் வேறு எதை வைத்துப் புரிந்துகொள்வார்? ஆனால் இன்று படுத்துக்கொண்டு யோசிக்கும்போது ஒன்று தெரிகிறது. பூமியில் போட்ட துளை ஆறாது. எத்தனை வருஷமானாலும் கல் தன் காயத்தை மூடிக்கொள்ள முயற்சி செய்யாது. உடம்பு செய்யும். யாரும் கூப்பிடாமலேயே, இருட்டில், ஒரு கண்ணும் பார்க்காத இடத்தில், கிழிந்ததை மூட அணுக்கள் கிளம்பி வருகின்றன. எனக்கு அதை நினைத்தால் பயத்தோடு கூட ஒரு பெருமையும் வருகிறது. அன்று எங்கள் வாசலில் கூடிய தெரு மாதிரிதான் அவையும். அத்தனையும் நல்ல மனசோடு ஓடிவந்தவை. எல்லாம் ஒரே வாசலில் நின்றுகொண்டதால் ஸ்ட்ரெச்சருக்கு வழியில்லை. அப்பாவின் நெஞ்சுக்குள் கெட்டது எதுவும் நடக்கவில்லை, மகனே. நல்லது ஒன்று அளவு தெரியாமல் நடக்கிறது. நான் பயப்படுவது உண்மையானால், அது சேறு இல்லை. எவ்வளவு வேகமாக நடந்தாலும் அது அடித்துக்கொண்டு போகாது. நடக்க நடக்க இதயம்தான் ரத்தம் போதாமல் தவிக்கும்.

பொங்கலுக்கு வந்த ரிக் ஆட்கள் விடிந்ததும் திரும்புகிறார்கள். வண்டி ஓட்டும் செல்வராசு மாமா சாயங்காலம் போன் செய்தார். "அண்ணா, நீங்க இல்லாம புது டிரில்லரை வெச்சு ஹேமரைக் குழிக்குள்ள மாட்ட உட்டுட்டோம். வாங்கண்ணா." அப்பாவின் முகத்தில் ஆடிக்குப் பிறகு அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. உடனே பையை எடுத்தார். குனிந்து பையின் வாரை இழுத்துக் கட்டியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், உள்ளங்கையால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு. பையின் வார்! அதற்கே. அம்மா அடுப்படியில் அவருக்காக எள்ளுருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அப்பா கையைக் காட்டினார், நான் அடித்த அந்தக் கையை.

சத்தியத்தை மீறினால் அவர் என்னை மறுபடியும் நம்பமாட்டார் என்ற பயம். மீறாவிட்டால் என்ன என்பதை எழுதவே கை வரவில்லை. வாசலில் கயிற்றுக் கட்டில் சத்தம் கேட்கிறது. அவரும் தூங்கவில்லை. இருமுகிறார். நான் எழுந்து போகிறேன். அம்மாவிடம் இல்லை. அவரிடமே போகிறேன்.

மகனே, விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். நடுவில் மாசி பிறந்துவிட்டது. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன், இன்னும் ரகசியமாகத்தான்.

அன்று ராத்திரி அப்பா கட்டிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது போல. என்னைக் கண்டதும் நேராக உட்கார்ந்தார். "என்ன அம்மிணி, பாடம் ஏறலியா?" என்றார்.

என்ன சொல்வது என்று தெரியாமல், "ஒரு போர் சந்தேகம்ங்கப்பா" என்றேன்.

உடனே முகம் மலர்ந்துவிட்டது. "கேளு."

"ஒரு போர்ல தண்ணி கொறைஞ்சுட்டே வருதுங்க. சேறுன்னு நெனைச்சு ஃப்ளஷ் பண்றாங்க. பண்ணப் பண்ண இன்னும் கொறையுது. சேறு ஒரு பிடிகூட மேல வரல. என்ன செய்வீங்க?"

"கம்ப்ரஸரை நிறுத்துவேன்" என்றார் யோசிக்காமலே. "அத்தனை அழுத்தியும் சேறு வரலைன்னா அது சேறே இல்ல. பக்கத்துச் சுவரு உள்ள வந்திருச்சு. கேமரா உட்டுப் பாக்கோணும்."

"பாக்காம மறுபடியும் அழுத்தினா?"

"அப்படி அழுத்தறவன் டிரில்லரே இல்ல. போரையே கொன்னுருவான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் தன் முன்னங்கைத் தழும்பைத் தடவினார். ராசிபுரம் தோட்டத்தில் தலையைச் சாய்த்துக் கேட்டாரே, அதே மாதிரி தலையைச் சாய்த்தார். இந்த முறை கேட்டது தன் நெஞ்சை.

"கேமரா இருக்கிறது டாக்டரம்மாகிட்டங்கப்பா" என்றேன்.

"ம்" என்றார். அப்புறம் உள்ளே திரும்பி, அம்மாவைக் கூப்பிட்டு, "ஏ புள்ள, எந்திரி. ஆஸ்பத்திரி போகோணும். நெஞ்சு புடிக்குது, கார்த்திகையிலிருந்தே புடிக்குது" என்று அவரே சொன்னார். என் சத்தியம் அப்படியே இருந்தது. செல்வராசு மாமாவுக்கும் அவரே போன் செய்தார்: "நான் வர்லப்பா. என்னையவே ரிப்பேருக்கு உடோணும்." அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. தெருவைக் கூப்பிடவும் இல்லை. பக்கத்து வீட்டுக் காரை மட்டும் கேட்டுவிட்டு, வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் அம்மிக்குழவியை எடுத்து முட்டுக் கொடுத்தாள். கார் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் திட்ட ஆரம்பித்தாள். "ரேஷன் கடைக்கே மூச்சு வாங்கற மனுசன், சட்டீஸ்கர் போறாராம் சட்டீஸ்கர்!" சேலம் வரைக்கும் நிறுத்தவில்லை. அப்பா அதைத் தாலாட்டு போலக் கேட்டுக்கொண்டு வந்தார்.

அதே இடம்தான். டாக்டரம்மா திரையில் காட்டினார். விரித்த இடம் நூலாக இறுகியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பாறை வளந்திருச்சுங்களா?" என்று கேட்டார் அப்பா.

"வளந்தது நீங்கதாங்க. உங்க ஒடம்பு ரொம்ப நல்லா ஆறியிருக்கு. தேவைக்கு மேல ஆறிருச்சு." இந்த முறை மருந்து தடவிய பலூனை வைத்து விரித்தார்கள். அந்த மருந்து குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, அவசரமாகப் பெருகுகிற அணுக்களைக் கொஞ்சம் அடக்கி வைக்குமாம். ஆறுவதை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, காயம் திறந்தே இருந்தால் ரத்தம் அதில் உறைந்துவிடும், அதற்காகத்தான் மாத்திரையை விடக் கூடாது என்றும் சொன்னார். இம்முறை அப்பா சட்டையைத் தேடவில்லை. முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு அம்மாவைக் காட்டி, "அன்னைக்கு எங்க ஊட்டு வாசல்ல நின்னு, நவுருங்க நவுருங்கன்னு இவ கத்தினாளே, அந்த வேலைதானுங்களே அந்த மருந்துக்கு?" என்றார். டாக்டரம்மாவுக்கு அந்தக் கதையை முழுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு, இதை இனிமேல் மற்ற நோயாளிகளுக்கும் சொல்லப் போகிறேன் என்றார். அம்மா வெட்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உனக்கு நான் சொல்ல வந்தது கொஞ்சம்தான். உன்னைச் சுற்றி உதவி செய்ய வருகிறவர்களை எப்போதும் மதி, ஆனால் வாசலை அடைக்கிறார்கள் என்றால் நகரச் சொல்லவும் கூசாதே. உன் தொழிலை என் அப்பா மாதிரி உயிராக நேசி. அந்தத் தொழில் சொல்லிக்கொடுத்ததில் பாதியை மட்டும் உன் உடம்புக்கு வைத்துப் பார்க்காதே, முழுவதையும் வைத்துப் பார். உனக்கு எங்காவது வலித்தால், என்னிடமோ உன் பெண்டாட்டியிடமோ, ரோட்டில் போகிற யாரிடமோ, வாயைத் திறந்து சொல். சேறு என்று நீயாக முடிவு செய்துகொள்ளாதே. அப்பா தவறாக நினைத்ததை நான் உனக்குச் சொல்வது அவரைக் குறைத்துப் பேச இல்லை. தப்பு என்று தெரிந்த கணத்தில் கம்ப்ரஸரை நிறுத்துகிற மனிதர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நான் பார்த்த ஒருவர் அவர்.

இப்போது மறுபடியும் நடக்கிறோம். முதல் வாரம் ரேஷன் கடை. அப்புறம் பண்ணை கேட். வாட்ச்மேன், "என்னங்க, முட்டை வெலை கேக்கலியா?" என்று கூப்பிட்டார், அப்பா நிற்காமல் கையை மட்டும் ஆட்டினார். நேற்று பாலத்தைத் தாண்டினோம். மறுபடியும் சுருங்காது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. டாக்டரம்மாகூட, பார்ப்போம் என்றுதான் சொன்னார். ஒவ்வொரு நாளும் நான் அவருடைய உதட்டின் நிறத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன். அவரும் இப்போது மறைப்பதில்லை. "இன்னைக்கு ஒண்ணும் இல்ல சாமி, நீ ரோட்டைப் பாத்து நட" என்கிறார்.

டீக்கடை இன்னும் பாக்கி இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தோமா என்பதை இதில் எழுதப் போவதில்லை. நீ இதை வாசித்த பிறகு, ஒரு காலையில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாக நட. அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்.

உனக்கு அம்மாவாகக் காத்திருப்பவள்